வளையாத புகை

ஊதுவத்தி கொளுத்திப் பார்க்காமல் குமணன் எந்தக் கணினியையும் உரியவரிடம் திருப்பிக் கொடுத்ததில்லை. வேலூரில் அவனுடைய பழுதுபார்க்கும் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நிற்பார்கள். விஷயம் வேறு. காற்று கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியும். கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகளுக்கு எதிரே ஊதுவத்தியைப் பிடித்தால் புகை வளைந்து உள்ளே போக வேண்டும். பின்பக்கம் பிடித்தால் வெளியே தள்ளப்பட வேண்டும். நடுவில் எங்காவது தயங்கிச் சுழன்றால் அங்கே தூசியோ, திருப்பி மாட்டப்பட்ட விசிறியோ இருக்கிறது என்று பொருள். இரண்டு ரூபாய்க் குச்சியில் இதைவிட நல்ல கருவி கிடையாது என்பான் குமணன்.

பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் ஜோயல் தன் பழைய கணினியை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்தி, தாம்புக்கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு.

"மச்சி, இட்லிப் பானை மாதிரி கொதிக்குதுடா. போன ஞாயித்துக்கிழம ஆறாவது வாசல்ல ஏணி வெச்சேன். பாதி ஏணியில என் ஆளுங்க அப்படியே சிலை மாதிரி நின்னுட்டானுங்க. நீ சந்தோஷமா மேல இருந்து எண்ணெய ஊத்துற."

"அது உன் ப்ராசசர் எனக்குச் செஞ்ச தர்மம். ஆயுசுல ஒரு தடவையாவது நான் ஜெயிக்கணும்ல?"

அவர்கள் பேசிக்கொண்டது 'ஏழு வாசல்' என்ற விளையாட்டைப் பற்றி. ஏழு வாசல்கள் கொண்ட ஒரு கோட்டை. ஒருவன் காக்க வேண்டும், இன்னொருவன் தாக்க வேண்டும். எந்த வாசலில் எதிரி வருவான் என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த ஆட்டமும். ஜோயலோடு விளையாடுவது நரகம். முதல் வாசலில் முரசடித்துவிட்டு ஐந்தாவதில் நுழைவான். தன் படையை வைத்துத் தன் கூடாரத்துக்கே தீ வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க எட்டிப் பார்க்கும் காவலர்களைப் பிடிப்பான். ஒருமுறை முழு ஆட்டமும் அகழியில் மீன் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி நொடியில் ஜெயித்தான். குமணன் எப்போதும் இரண்டாவது வாசல். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

வேலையிலும் ஜோயல் அப்படித்தான். தோல் தொழிற்சாலைகள் வெளியே விடும் நீரைச் சோதிக்கும் கள ஆய்வாளன் அவன். ஊருக்கு வெளியே இருந்த தொழிற்பேட்டையில் ஏழு வடிகால் குழாய்கள் ஆற்றில் திறந்தன. அவன் எந்தக் குழாயில், எந்த நாளில், எந்த வேளையில் பாட்டிலை நீட்டுவான் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டிலிருந்து பட்டு வேட்டியோடு போய் நீர் எடுத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு போயிருக்கிறான். காவலாளிகள் அவனுக்கு வைத்த பெயர் 'திடீர் ஜோயல்'. அவனுக்குப் பயந்தே நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் எல்லா நாளும் ஓடின.

குமணன் பெட்டியைத் திறந்தான். உள்ளே தூசி போர்வை போலப் படிந்திருந்தது. ப்ராசசருக்கும் அதன் தலைமேல் உட்காரும் உலோகத் தட்டுக்கும் நடுவில் தடவிய பசை, காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.

"இந்தப் பசைதான் சூட்டை மேல கடத்தணும். காஞ்சு போச்சுன்னா நடுவுல காத்து புகுந்துடும். காத்து சூட்டைக் கடத்தாது. அப்ப ப்ராசசர் என்ன பண்ணும்? தன்னைத்தானே மெதுவாக்கிக்கும். ரோடு போடறவங்க வெயில் தாங்காம புளியமரத்தடியில உக்கார்ற மாதிரி. உன் ஏணி நின்னது அதனாலதான்."

"பசை மாத்தினா போதுமா?"

"ஒரு மாசம் ஓடும். ப்ராசசரே கிழமாயிடுச்சுடா. இந்த போர்டுல உக்கார்ற மாதிரி இப்ப யாரும் புதுசு செய்றதில்ல." குமணனின் முகம் மலர்ந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவன் முகம் அப்படித்தான் ஆகும். "ஒண்ணத் தவிர."

மேசை இழுப்பறையிலிருந்து மோதிரப்பெட்டி அளவுக்கு ஒரு சிறு டப்பாவை எடுத்தான். மேலே 'முன்னோடி' என்று அச்சிட்டிருந்தது.

"தெருமுனை டீக்கடையில, நான் ரோட்டைத் தாண்டும்போதே மாஸ்டர் என்ன பண்ணுவாரு?"

"சர்க்கரை கம்மியா ஒரு டீ போட ஆரம்பிச்சுடுவாரு."

"நான் போய் நின்னதும் கிளாஸ் கைக்கு வந்துடும். எல்லா ப்ராசசரும் ரொம்ப காலமா இதத்தான் செய்யுது. அடுத்து எந்தக் கணக்கு வரும்னு ஊகிச்சு, கேக்கறதுக்கு முன்னாடியே போட்டு வெச்சுடும். ஊகம் தப்பினா?"

"டீயைக் கீழ ஊத்தணும்."

"கீழ ஊத்தின டீக்கும் அடுப்பு எரிஞ்சிருக்குல்ல? அந்த வீண் நெருப்பு சூட்டுல ஒரு பங்கு. பழசெல்லாம் புரோகிராமை மட்டும்தான் ஊகிக்கும். இது எதிர்ல உக்காந்திருக்கிற ஆளையும் ஊகிக்கும். நீ எந்த வாசலுக்குப் போவேன்னு தெரிஞ்சுட்டா மீதி ஆறு வாசலுக்கும் கணக்குப் போடவே வேணாம். வேலை கம்மி, சூடு கம்மி. பழைய போர்டும் பிழைச்சுக்கும்."

"என்னை ஊகிக்கவா?" ஜோயல் சிரித்தான். "என் பொண்டாட்டியே அந்த முயற்சியைக் கைவிட்டுட்டா."

"அப்ப உன் வீட்டுல இது வெடிச்சுடும். பக்கத்துல தண்ணி வெச்சுக்கோ."

முன்னோடியைப் பொருத்தி முடித்ததும் அது முதலில் கேட்டது: கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? மற்றவர்கள் இந்த இடத்தில் இல்லை என்று அழுத்திவிட்டுப் போவார்கள். தினமும் பார்த்துப் பார்த்து அது தானாகக் கற்றுக்கொள்ளும். இவர்களிடம் இருந்தது. பாலிடெக்னிக் காலம் முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் இருவரும் குரலோடு பதிவு செய்து வைத்திருந்தார்கள். யார் ஏமாற்றினான் என்ற பழைய சண்டையைத் தீர்ப்பதற்காகத் தொடங்கிய பழக்கம். அதில் ஆட்டம் மட்டும் இல்லை. வசவுகள், வேலை கிடைத்த செய்தி, ஜோயலின் அப்பா இறந்த வாரத்தில் இருவரும் பேசாமல் விளையாடியது, குமணனின் கல்யாணம் முறிந்தபோது அவன் விட்ட பெருமூச்சு, எல்லாம் இருந்தன.

"மொத்தத்தையும் குடுத்துடவா?" என்று கேட்டான் குமணன்.

"குடு. படிச்சுப் பைத்தியம் பிடிக்கட்டும்."

மாலையில் ஊதுவத்தி ஏற்றினான். புகை அழகாக வளைந்து பெட்டிக்குள் போனது.

*

திரையின் மூலையில் முன்னோடி தன் சூட்டை ஓர் எண்ணாகக் காட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜோயல் அந்த எண்ணோடுதான் விளையாடினான். வேண்டுமென்றே கோணலாக ஆடுவான். எண் எழுபத்தெட்டுக்கு ஏறும், விசிறி அலறும், ஜோயல் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பான். குமணன் நேரில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆடியபோது நாற்பத்தொன்றில் நின்றது.

"டேய், உன்னைப் பாத்ததும் அதுக்குக் கொட்டாவி வருது பாரு."

"நான் நேர்மையானவன்டா. அதான்."

பிறகு வாராவாரம் எண் இறங்கத் தொடங்கியது. அறுபத்தைந்து. ஐம்பத்தெட்டு. குமணனுக்குப் பெருமை. முன்னோடி படிக்கிறது, நாம் ஊட்டிய பாடம் வீண்போகவில்லை என்று நினைத்தான். அந்த வாரங்களில் ஆட்டங்களில் அவனே வென்றான். முதல் வெற்றிக்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுக்காத குறை. இரண்டாவதற்குச் சிரித்தான். அதன் பிறகு வென்றபோது அவனுக்கு ஏதோ உறுத்தியது. ஜோயல் இரண்டாவது வாசலுக்கே வந்துகொண்டிருந்தான். முரசு இல்லை, தீ இல்லை, மீன் பிடிக்கவும் இல்லை.

"என்னடா, வயசாயிடுச்சா?" என்று கேட்டான் குமணன்.

"இல்லடா. இது சுலபமா இருக்கு" என்றான் ஜோயல்.

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை முற்பகல் ஜோயலின் மனைவி பிரிசில்லா கடைக்கு வந்தாள். ஆற்றோரத்துக் கிராமப் பள்ளியில் ஆசிரியை. தோள்பையை மேசைமேல் வைத்தபோது உள்ளே ஏதோ உலோகம் கலகலத்தது.

"சலங்கையா தங்கச்சி?"

"தாயக்கட்டைண்ணா. பசங்களுக்குக் கூட்டல் சொல்லித்தர." அவள் சிரிக்கவில்லை. "அவரோட கம்ப்யூட்டர்ல என்ன போட்டீங்க?"

குமணன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான். அவள் உட்காரவில்லை.

"முதல்ல எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாரு. காலையில இட்லி, ராத்திரி தோசை, கேள்வியே இல்ல. திடீர்னு ஏலகிரி போலாம் கிளம்புன்னு உயிரை வாங்கல. எங்க அம்மாகூட, மாப்பிள்ளை இப்பத்தான் மனுஷனாயிருக்காருன்னு சொன்னாங்க. நேத்து எங்க ஸ்கூல் கிணத்துல நுரை வந்துச்சுண்ணா."

"நுரையா?"

"தோல் கழுவுற வாசனை. மூணாங் கிளாஸ் பசங்க ரெண்டு பேருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சமையக்காரம்மா தண்ணிய இறைச்சுட்டு இது நம்ம கிணறுதானான்னு கேக்கறாங்க. நான் குழாய் வாட்ச்மேன்கிட்ட போய்க் கேட்டேன். அவன் என்னை யாருன்னு தெரியாம சிரிக்கிறான். 'இப்பல்லாம் சார் செவ்வாய்க்கிழமை, முன் கேட்டு, ரெண்டாம் நம்பர் குழாய். மத்த நாள் மிஷினுக்கு லீவு'ன்னு சொல்றான்."

அவளுக்காக நகர்த்திய ஸ்டூலில் குமணனே உட்கார்ந்தான்.

"அவன் வேலைத் திட்டமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் போடறானா?"

"எல்லாம் அதுலதான். எந்தக் குழாய்க்கு எந்த வழி, மேப், ரிப்போர்ட். கரண்ட் பில்லு, எங்க மாமியார்கூடப் பேசறது, எல்லாம்."

குமணன் கண்ணை மூடித் திறந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த விதத்தைச் சொல்லும்போது முகம் மலராமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"ஊகிச்ச வழியில போனா அது எல்லாத்தையும் தயாரா வெச்சிருக்கும். வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி போகும். ஊகிக்காத வழியில போனா புதுசா கணக்குப் போடணும். கொஞ்சம் திக்கும். மேப் மெதுவா திறக்கும், எழுத்து ஒரு நொடி கழிச்சு விழும். கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனா விரலுக்குத் தெரியும். ரெண்டு ரோடு இருந்து ஒண்ணுல பள்ளம் இருந்தா, வண்டி தானா எந்தப் பக்கம் திரும்பும்?"

"நல்ல ரோடு பக்கம்."

"ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதோட ஊகம் பலிக்கும். அந்த ரோடு இன்னும் வழவழன்னு ஆகும். மத்ததுல பள்ளம் பெருசாகும்."

"அது வேணும்னே பண்ணுதாண்ணா?"

"வேணும்னு நினைக்க அதுக்கு மனசு ஏது? அதுக்குச் சொன்ன வேலை ஒண்ணே ஒண்ணு. சூட்டைக் குறை. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆளை இன்னும் நல்லாப் படிக்கணும். இன்னொண்ணு..."

அவன் நிறுத்தினான். பிரிசில்லா முடித்தாள்.

"ஆளைச் சின்னதாக்கணும்."

குமணன் தலையாட்டினான்.

"நான் அவர்கிட்ட சொன்னேண்ணா. கிணறு, பசங்க, எல்லாம் சொன்னேன். 'சரி'ன்னாரு. பழைய மனுஷனா இருந்தா சட்டைகூடப் போடாம ஓடியிருப்பாரு. என்ன சொன்னாலும் 'சரி'. என்கூட ஒரு சண்டை போட்டாக்கூடப் போதும்னு இருக்கு."

"நாளைக்கு வரேன்" என்றான் குமணன். "கழட்டுறது ஒரு நிமிஷ வேலை."

*

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர், பசைக் குழாய், பஞ்சில் சுற்றிய பழைய ப்ராசசர், ஒரு கட்டு ஊதுவத்தி ஆகியவற்றோடு குமணன் படியேறினான்.

ஜோயல் கணினியின் முன் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்து, "வாடா" என்றான். அவ்வளவுதான். வசவு இல்லை.

"டேய், சர்ச்சுக்குப் போயிட்டு வந்த வீட்டுல ஊதுவத்தி ஏத்தப் போறேன். ஏதாவது திட்டு."

"ஏத்துடா."

ஊதுவத்திச் சோதனைக்கு அறையில் வேறு காற்று இருக்கக் கூடாது. குமணன் கூரை விசிறியை நிறுத்தினான், சன்னலைச் சாத்தினான். மூவருக்கும் உடனே வியர்த்தது. பெட்டியின் முன்னால் ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தியைக் குத்தி நிறுத்தினான்.

புகை நேராக எழுந்தது. பெட்டியின் பக்கம் ஓர் இழைகூடத் திரும்பவில்லை.

விசிறி நின்றுபோயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். திரையின் மூலையைப் பார்த்தான். முப்பத்தேழு. சுவரில் ஜோயல் மாட்டியிருந்த வெப்பமானியும் அதையே காட்டியது. காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அறையின் சூட்டுக்குக் கீழே போக முடியாது. இதற்குமேல் இறங்க இடமில்லை என்ற தரையை அந்த எண் தொட்டிருந்தது. விசிறி கெட்டுப்போகவில்லை. அதற்கு வேலை இல்லை.

"கழட்டுங்கண்ணா" என்றாள் பிரிசில்லா, மெல்லிய குரலில்.

"இரு தங்கச்சி. கழட்டிட்டா அளக்க எதுவும் மிச்சம் இருக்காது. முதல்ல இது இவனை எவ்ளோ தூரம் படிச்சிருக்குன்னு பாக்கணும்."

ஜோயலை எழுப்பிவிட்டுக் குமணன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு வாசல் ஆட்டத்தைத் திறந்தான். வாழ்நாள் முழுவதும் இரண்டாவது வாசல் தவிர வேறு வாசலுக்குப் போகாதவன், ஆறாவதைத் தாக்கினான். புகை அசையவில்லை. முரசு அடித்தான், தன் கூடாரத்துக்கே தீ வைத்தான். புகை அசையவில்லை. எழுந்து நின்று, நண்பன் பெயரைச் சொல்லி, இதுவரை அவனிடம் சொல்லாத கெட்ட வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினான். தெருவில் ஒரு நாய் குரைத்தது. முப்பத்தேழு.

குமணன் திரையை விட்டுப் பின்னால் நகர்ந்தான். அவனுடைய குரலையும்தான் அவர்கள் ஊட்டியிருந்தார்கள். நண்பனுக்கு ஒன்று என்றால் குமணன் எப்படிக் கத்துவான், எதை உடைக்கப் பார்ப்பான் என்று அதற்கு எப்போதோ தெரியும். ஜோயல் முன்பு ஆடியது போலத்தான் குமணன் இப்போது ஆடுவான் என்பதும் தெரியும்.

"நான் செல்லாக்காசுடா" என்றான் குமணன். "என்னையும் படிச்சு முடிச்சிருச்சு. யாராலயும் ஊகிக்க முடியாத ஒண்ணு வேணும்."

பிரிசில்லா தன் பையைத் திறந்தாள். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

குமணன் அவற்றையே பார்த்தான். மெல்ல அவன் முகத்தில் பழைய மலர்ச்சி வந்தது. "தங்கச்சி, நீ கணக்கு டீச்சர். ரெண்டு கட்டையையும் உருட்டினா மொத்தம் எத்தனை விதமா விழும்?"

"ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும். ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு."

"ஏழு விதம். ஏழு குழாய்." அவன் ஜோயலின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "டேய், இந்த வாரம் எந்தக் குழாய்க்குப் போறதுன்னு நீ முடிவு பண்ணாத. இது பண்ணட்டும். பன்னெண்டு விழுந்தா ஏழாம் நம்பர். விழுந்ததை அப்படியே திட்டத்துல அடி. பித்தளை எப்படி உருளும்னு முன்னோடிக்கு எந்தக் காலத்துலயும் தெரியாது. இது திணறும். சூடாகும். விசிறி சுத்தும். நீ தினமும் இப்படியே போ. ஒரு மாசத்துல குழாய்க்காரனுங்க மறுபடி நடுங்குவானுங்க."

ஜோயல் கட்டைகளைக் கையில் எடுத்தான். உள்ளங்கையில் உரசினான். அந்த ஓசையில் அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது போலிருந்தது. பிரிசில்லா அவன் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

உருட்டினான். ஐந்து.

அவன் விரல் விசைப்பலகையை நோக்கிப் போனது. குமணன் புகையையே பார்த்தான். விரல் எண்ணுக்கு மேலே நின்றது.

"அஞ்சுக்குப் போற வழியில பாலம் வேலை நடக்குது" என்றான் ஜோயல். "வண்டி போகாது. இன்னொண்ணு போடறேன்."

"நடந்து போங்களேன்" என்றாள் பிரிசில்லா.

அவன் அதற்குள் உருட்டியிருந்தான். பன்னிரண்டு.

"ஏழாம் குழாய்க் கதவுக்கு சாவி ஆபீஸ்ல இருக்கு. எழுதிக் குடுத்து வாங்கணும். அது அடுத்த வாரம்."

மூன்று விழுந்தது. மூன்றாம் குழாயில் இப்போது நீர் குறைவு என்றான். எல்லாக் காரணங்களும் நியாயமாகவே இருந்தன. குரலில் பதற்றம் இல்லை. வேலை தெரிந்த ஒருவன் நிதானமாகச் சொல்லும் காரணங்கள்.

அடுத்து இரண்டு விழுந்தது.

"சரி. இதுவே இருக்கட்டும்" என்று அடித்தான். இரண்டாம் குழாய்க்கான வழி, நேரம், வரைபடம் எல்லாம் விரலை எடுப்பதற்கு முன்பே திரையில் விரிந்தன. செவ்வாய்க்கிழமை என்று தானாகவே நிரம்பியது.

புகை ஒரு முறைகூட வளையவில்லை.

குமணன் மெல்லச் சுவரில் சாய்ந்தான். கட்டை எப்படி விழும் என்று முன்னோடிக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. இரண்டு விழும்வரை ஜோயல் உருட்டிக்கொண்டே இருப்பான் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

"எடுத்துடுங்கண்ணா. இப்பவே எடுத்துடுங்க." பிரிசில்லா அழுதுகொண்டிருந்தாள்.

கணினியை அணைக்கக் குமணன் கை நீட்டினான். திரை ஏற்கெனவே கறுத்திருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும்: 'எல்லாம் சேமிக்கப்பட்டது. இணைப்பைத் துண்டிக்கலாம்.' அவன் வந்த வேலை அதற்குத் தெரியும். அவனைக் காக்க வைக்காமல் தயாராக இருந்தது, தெருமுனை டீக்கடை மாஸ்டர் போல.

இணைப்பைப் பிடுங்கினான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, விசிறியை எடுத்து, உலோகத் தட்டைத் தூக்கினான். பசை அன்று தடவியதுபோல் ஈரமாக இருந்தது. முன்னோடியை நகத்தால் நெம்பி உள்ளங்கையில் வைத்தான். அது சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. இன்னொருவர் விரலைத் தொடுவது போல, சரியாக உடம்பின் சூட்டில் இருந்தது. தரையில் போட்டு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அது நாலாக உடையும்வரை அடித்தான்.

பிறகு சன்னலைத் திறந்தான், கூரை விசிறியைப் போட்டான். ஊதுவத்திப் புகை அறையெங்கும் சிதறி ஓடியது. வெயிலின் காற்றுகூட இதமாக இருந்தது.

"அவ்ளோதான்" என்றான் குமணன், மூச்சு வாங்க. "பழசைப் போட்டுத் தரேன். கொதிக்கும். ஏணி பாதியில நிக்கும். நிக்கட்டும்."

பிரிசில்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கட்டைகளைப் பொறுக்கி அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்னங்க, இப்ப அது இல்ல. உடைச்சாச்சு. யாரும் பாக்கல. ஒரே ஒரு தடவை போடுங்க. விழுந்தது விழுந்தபடி. சரியா?"

"சரி" என்றான் ஜோயல்.

உருட்டினான். பித்தளை மேசையின் விளிம்புவரை ஓடி, ஒன்றோடொன்று மோதி நின்றது. மூன்றும் மூன்றும். ஆறு.

ஆறாம் குழாய் பிரிசில்லாவின் பள்ளிக்குப் பின்னால் திறப்பது.

ஜோயல் அதைப் பார்த்தான். அவன் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. குமணன் அதை நிச்சயமாகப் பார்த்தான். "ஆறு" என்றான் ஜோயல், பல வாரங்களாகக் கேட்காத குரலில். பிரிசில்லா சிரிக்கத் தொடங்கினாள்.

ஜோயல் சுட்டுவிரலை நீட்டினான். ஒரு கட்டையை மெல்லப் புரட்டினான். பிறகு, சற்று யோசித்து, மற்றதையும் புரட்டினான். ஒன்றும் ஒன்றும்.

"ரெண்டு" என்று சொல்லிவிட்டு, கறுத்த திரையின் பக்கம் திரும்பி, வரைபடம் விரியக் காத்திருந்தான்.